டவருக்கு முதுகு காட்டிய ஆன்டெனா

கோடைப் பண்பலை நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானலில் ரொம்ப வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்தவன் நான். கேபிள் வராத காலத்தில் கூரையேறி ஆன்டெனா திருப்புவதே பாதி வேலை.

"உங்களுக்கென்ன, தூர்தர்ஷன் டவரே உங்க ஊர்லதானே" என்பார்கள் மதுரைக்காரர்கள். டவர் நிற்பது ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில். அங்கிருந்து நேர்கோட்டில் 75 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மதுரையில், மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்தால் படம் பளிச்சென்று விழும். அலை நேராகப் போகிற ஜாதி; மலையைத் துளைக்காது. அதனால் எங்கள் ஊர்ப் பள்ளத்து வீடுகளில்தான் டி.வி.க்குள் மழை பெய்யும். குத்துவிளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதான்.

வில்பட்டிப் பக்கம் ஒரு வீடு. டவரைப் பார்த்து ஆன்டெனா வைத்தால் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்திலேயே இன்னொரு ஆள், மங்கலாக. எதிர்ப் பாறையில் மோதித் திரும்பும் அலை தாமதமாக வந்து சேர்வதால் விழுகிற நிழல் அது. 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றினால் 20 இஞ்ச் டி.வி.யில் முக்கால் சென்டிமீட்டர் தள்ளி விழும். ஸ்கேலை வைத்து அளந்தேன், மூன்று சென்டிமீட்டர். அப்படியென்றால் அலை ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வருகிறது. வாசலுக்கு வந்து பார்த்தால் எதிரே மொட்டைப் பாறை. சரி, நேராக வருவது நோஞ்சான், பாறையில் பட்டு வருவதையே பிடிப்போம் என்று ஆன்டெனாவை அப்படியே திருப்பினேன். ஆன்டெனாவின் முகமான குட்டைக் குச்சிகள் பாறையைப் பார்த்தன, முதுகான நீளக் குச்சி டவரைப் பார்த்தது.

"டவருக்கு முதுகைக் காட்டி வச்சிருக்கியே தம்பி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. உள்ளே போய்ப் பார்த்தவர் திரும்பி வரவேயில்லை. செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

பூஸ்டர் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பூஸ்டர் படத்தைப் பெருக்கும், புள்ளியையும் சேர்த்தே பெருக்கும். அப்புறம் குரங்கு. அலுமினியக் குச்சியில் ஊஞ்சல் ஆடிவிட்டுப் போனால் மறுநாள் எனக்கு அழைப்பு வரும்.

கிழக்கு விளிம்பில் இருந்தவர்கள் வேறு ரகம். இலங்கையின் ரூபவாஹினி டி.வி. 1982இல் தொடங்கியது. அதன் டவர் அந்த நாட்டின் உயரமான மலையான பிதுருதலாகலையில். கடல்மேல் காற்று அடுக்கடுக்காகப் படியும் நாட்களில் அலை வளைந்து இங்கேயும் எட்டிப் பார்க்கும். கால் மணி நேரம் தெரிந்தாலும் தெருவே கூடிவிடும்.

இப்போது பழைய ஒளிபரப்பு நின்றுவிட்டது. மாதச் சந்தா இல்லாமல் பார்க்க டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. அதன் செயற்கைக்கோளான ஜிசாட்-15 இங்கிருந்து பார்த்தால் தென்கிழக்கே, வானத்தில் நல்ல உயரத்தில் நிற்கிறது. அதனால் பள்ளத்து வீட்டுக்கும் பாறை மறைக்காது. மேலே மரம் இல்லாமல் இருந்தால் போதும்.

போன மாதம் வில்பட்டிப் பக்கம் போயிருந்தேன். அந்த ஆன்டெனா இன்னும் டவருக்கு முதுகைக் காட்டியபடியே நிற்கிறது. குச்சிகள் நிறைய சௌசௌ கொடி.