லாக் ஃபைன் பக்கம் மரவீடு எடுத்தாயிற்று, சாப்பாடு எங்கே?

[திரையில்: ஸ்காட்லாந்து வரைபடம். கிளாஸ்கோவிலிருந்து வடமேற்காக ஏ82, பிறகு ஏ83 சாலை]

1818 ஜூலையில் ஜான் கீட்ஸ், அந்தக் கவிஞரேதான், இந்த வழியாக நடந்து வந்தார். விடிகாலை 4 மணிக்கு எழுந்து வெறும் வயிற்றோடு மலையேறியிருக்கிறார். வழியில் ஒரு கணவாய்க்கு ‘ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்’, அதாவது ‘இளைப்பாறி நன்றி சொல்’ என்று பெயர். அதைக் கேட்டு, சத்திரம்தான் இருக்கும் என்று நம்பி வந்தால் அங்கே இருந்தது ஒரு கல். காலைச் சாப்பாட்டுக்கு இன்னும் 5 மைல் நடக்க வேண்டியிருந்தது என்று தம்பிக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். அந்தக் கணவாயில் இன்றைக்கும் நீங்கள் நம்பிப் போக ஓட்டல் கிடையாது, வண்டி நிறுத்த இடமும் நல்ல காட்சியும்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். லாக் ஃபைன் ஏரி மாதிரி தெரியும், ஆனால் மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே வந்துவிட்ட கடல் அது. ஸ்காட்லாந்தில் இப்படிப்பட்டவற்றில் இதுதான் மிக நீளம், சுமார் 65 கிலோமீட்டர். இதன் தலைப்பகுதியில், கெய்ர்ண்டவ், இன்வரேரி பக்கம் மரவீடு எடுத்துத் தங்குபவர்களுக்காக இந்த வீடியோ. ஓட்டல்களுக்கு எத்தனை ஸ்டார் என்று பார்ப்பதற்கு முன்னால், சமையலறை எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பாருங்கள். ஜூன் மாதத்தில் ராத்திரி 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மலையேறிவிட்டு நிதானமாக 9 மணிக்கு வந்து நின்றால் பப் திறந்திருக்கும், சிரித்துப் பேசுவார்கள், பீர் ஊற்றுவார்கள், சாப்பாடு மட்டும் வராது. கிராமத்து பப்களில் எட்டு, எட்டரைக்கே அடுப்பை அணைத்துவிடுவது சாதாரணம். குளிர்காலத்தில் திங்கள், செவ்வாய் மொத்தமாகவே மூடும் இடங்களும் உண்டு.

[திரையில்: பனிக்கட்டி மேல் அடுக்கிய சிப்பிகள்]

முதலில் போக வேண்டியது லாக் ஃபைன் ஆய்ஸ்டர்ஸ் என்ற சிப்பிச் சாப்பாட்டுக் கடை. கெய்ர்ண்டவ் பக்கத்தில் சாலை ஓரத்திலேயே இருக்கிறது. 1978-ல் ஆர்ட்கிங்லஸ் எஸ்டேட்காரர் ஜானி நோபிளும், மீன் வளர்ப்பு படித்த ஆண்டி லேனும் ஆரம்பித்தது. எஸ்டேட்டின் கடனைச் சமாளிக்க வழி தேடியவர் நோபிள் என்பார்கள். அவர் 2002-ல் இறந்தபின் 2003-ல் வேலை செய்தவர்களே சேர்ந்து கம்பெனியை வாங்கினார்கள், அப்புறம் 2012-ல் அது வேறு கைக்குப் போனது. இங்கிலாந்து ஊர்களில் இதே பெயரில் பார்த்த ரெஸ்டாரண்டுகளை வைத்து இதை எடை போடாதீர்கள், அந்தச் சங்கிலியை 2007-லேயே கிரீன் கிங் கம்பெனி வாங்கிவிட்டது.

பச்சைச் சிப்பியா என்று தயங்குபவர்கள் ஒன்று செய்யலாம்: சிலவற்றைச் சுட்டதாகக் கேளுங்கள், ஒன்றே ஒன்றைப் பச்சையாக எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலப் பெயரில் ‘ஆர்’ எழுத்து வரும் மாதங்களில்தான் சிப்பி சாப்பிடலாம் என்ற பழைய கணக்கு உள்நாட்டு வகைக்குச் சொன்னது. பண்ணையில் வளரும் பசிபிக் வகை வருடம் முழுக்கக் கிடைக்கும். இந்த இடத்தை நான் மதியச் சாப்பாட்டுக்குத்தான் சொல்வேன். போகும்போது கடையில் புகைபோட்ட சால்மன் வாங்கி வைத்துக்கொண்டால் மறுநாள் காலைக் கவலை தீர்ந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கிளென் ஃபைன் பள்ளத்தாக்குக்குள், 2001-ல் தொடங்கிய ஃபைன் ஏல்ஸ் பீர் ஆலை. ‘ஜார்ல்’ என்ற வெளிர் நிற பீர்தான் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வண்டி ஓட்டுபவர் மட்டும் கவனம். இங்கிலாந்தில் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை விடுவார்கள், ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து அது 50. ஒரு பைண்ட் குடித்துவிட்டு ஓட்டுவதே வம்பு. பாட்டிலாக வாங்கி வந்து வீட்டு வராந்தாவில் குடியுங்கள், கோடையில் என்றால் மிட்ஜ் பூச்சிகளுக்கு மருந்து தடவிக்கொண்டு.

[திரையில்: இன்வரேரியின் வெள்ளைச் சுவர் வீடுகள்]

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்வரேரி. ஆர்கைல் டியூக் புதுக் கோட்டை கட்டும்போது பழைய ஊரையே இடம் மாற்றி, 18-ம் நூற்றாண்டில் திட்டம் போட்டுக் கட்டிய சின்ன ஊர். ஜார்ஜ் ஹோட்டல் 1770-ல் கட்டியது, 1860-லிருந்து ஒரே குடும்பத்தின் கையில். கல் பாவிய தரை, எரியும் கணப்பு, மழையில் நனைந்து வந்தவருக்கு அதுவே பாதிச் சாப்பாடு. கல்லன் ஸ்கிங்க் இருந்தால் விடாதீர்கள். புகைபோட்ட ஹாடாக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் சேர்ந்த கெட்டியான சூப், ரொட்டியோடு ஒரு கிண்ணமே வயிறு நிறையும். ஹேகிஸ் என்பது ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல், கொழுப்பு, ஓட்ஸ், மிளகு எல்லாம் கலந்து வேகவைத்தது. ஈரலும் குடலும் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை, காரம்தான் நமக்குக் குறைச்சல்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கும் ஹேகிஸ் உண்டு. மேக்ஸ்வீன் கம்பெனி 1984-லேயே பருப்பும் ஓட்ஸும் வைத்துச் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆனால் சிப்ஸ் கேட்கும்போது, மீன் பொரிக்கும் அதே எண்ணெயா என்று கேட்டுவிடுங்கள், சின்ன சமையலறைகளில் பெரும்பாலும் ஒரே எண்ணெய்தான். குழந்தைகளை எத்தனை மணிவரை உள்ளே விடுவார்கள் என்பதும் பப்புக்குப் பப் மாறும். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும், அது லைசென்ஸ் விதி.

[திரையில்: வரைபடத்தில் இன்வரேரியும் எதிர்க்கரையும்]

இன்வரேரியில் நின்று பார்த்தால் எதிர்க்கரை கைக்கெட்டும் தூரம். அந்தக் காலத்தில் செயின்ட் கேத்தரின்ஸுக்குப் படகு ஓடியது, இப்போது இல்லை. அந்தக் கரையில் ஸ்ட்ராகரில் இருக்கும் கிரெகன்ஸ் இன் என்ற சத்திரத்துக்குப் போக நீரின் தலைப்பகுதியைச் சுற்றி ஏறக்குறைய 20 மைல் வண்டி ஓட்ட வேண்டும். அதனால் எந்தக் கரையில் வீடு எடுக்கிறீர்களோ அந்தக் கரையில் சாப்பிடுங்கள்.

கிளாஸ்கோ பக்கம் திரும்பும் நாளில் நேரமிருந்தால் இன்வரார்னனில் 1705-ஐத் தன் ஆண்டாகச் சொல்லும் டுரோவர்ஸ் இன் இருக்கிறது, வாசலிலேயே பாடம் செய்த கரடி நிற்கும். சாப்பாடு சாதாரணம்தான், போவது கட்டடத்துக்காக. அதற்கு ஏ83-ல் கீட்ஸ் ஏமாந்த அதே கணவாயைத் தாண்ட வேண்டும். கனமழையில் மண் சரிந்து அந்தச் சாலையை அடிக்கடி மூடுவார்கள், கீழே இருக்கும் பழைய ராணுவச் சாலையில் வரிசையாக விடுவார்கள், சில சமயம் அதுவும் இல்லை. மேஜை பதிவு செய்வதற்கு முன்னால் டிராஃபிக் ஸ்காட்லாந்து தளத்தில் சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஓட்டலுக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?