டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா, காம்பாக்ட் போதுமா? ஒரு மிளகுக் கணக்கு

[திரையில்: மேசை மேல் இரண்டு கேமராக்கள். அவற்றின் முன்னால் ஒரு மிளகு, ஒரு பத்து ரூபாய் நாணயம்.]

வணக்கம். மிளகும் நாணயமும் எதற்கு என்று கேட்காதீர்கள், அங்கேதான் வரப்போகிறேன்.

இடது பக்கம் இருப்பது நிக்கான் டி3500, 2018-இல் வந்த டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா. கூடவே வரும் 18-55 கிட் லென்ஸோடு சேர்த்து சுமார் 620 கிராம். வலது பக்கம் சோனி ஆர்எக்ஸ்100, 2012-இல் வந்த காம்பாக்ட், அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத சின்ன கேமரா. பேட்டரியோடு 240 கிராம், சட்டைப் பையில் போகும். ஆறேழு ஆயிரம் ரூபாய்க்கு முன்பு கிடைத்த சின்ன காம்பாக்ட்களை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவற்றின் வேலையை ஃபோன் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது அந்தப் பழைய கேமராக்களின் நிறத்துக்காகவே தேடி வாங்குகிறார்கள், அது வேறு பைத்தியம்.

[திரையில்: இரண்டு சென்சார்களின் அளவு, ஒன்றன் மேல் ஒன்று.]

எல்லோரும் முதலில் சொல்வது, ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவு. டிஎஸ்எல்ஆரில் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். இந்தக் காம்பாக்ட்டில் 13.2-க்கு 8.8. பரப்பில் மூன்று மடங்கு வித்தியாசம். அப்போது டிஎஸ்எல்ஆர் படம்தானே நன்றாக இருக்கும்? அவசரப்படாதீர்கள். சென்சார் என்பது பாத்திரம். அதில் ஊற்றுகிற ஒளி எவ்வளவு என்று யாராவது கேட்டோமா?

ஒளி உள்ளே வரும் துளையின் விட்டம் கண்டுபிடிக்கச் சின்ன வகுத்தல் போதும். குவியத் தூரத்தை (லென்ஸில் மி.மீ. என்று போட்டிருக்கும் எண்) எஃப் எண்ணால் (துளை எவ்வளவு திறக்கும் என்று சொல்லும் எண்) வகுக்க வேண்டும். கிட் லென்ஸை அகலக் கோணத்தில் வைத்தால் 18 மி.மீ., எஃப் 3.5. விடை 5.1 மி.மீ. காம்பாக்ட்டில் 10.4 மி.மீ., எஃப் 1.8. விடை 5.8 மி.மீ. இரண்டுமே கிட்டத்தட்ட இந்த மிளகு அளவுதான்!

[திரையில்: மிளகு, மிக அருகில்.]

இரண்டும் பார்க்கும் காட்சியின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் ஒரே ஷட்டர் வேகத்தில் உள்ளே போகும் மொத்த ஒளியும் ஏறக்குறைய ஒன்று. பெரிய சென்சாரில் அது பரவி விழுகிறது, சின்னதில் நெருக்கி விழுகிறது. மாலை வெளிச்சத்தில் தெருவை எடுத்தால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஜூம் செய்தால் கிட் லென்ஸ் கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான்.

ஆக, கிட் லென்ஸைக் கழற்றவே மாட்டீர்கள் என்றால் டிஎஸ்எல்ஆர் வாங்காதீர்கள். கழுத்து வலிதான் மிச்சம். என்னுடையது ஒரு வருடம் அலமாரியில் தூங்கியது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, “இதை யார் தூக்கிக்கொண்டு அலைவது” என்று ஃபோனோடு கிளம்பிவிடுவேன்.

அப்புறம் ஒரு 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். வகுத்துப் பாருங்கள், 27.8. இதோ, பத்து ரூபாய் நாணயம். கிட் லென்ஸ் அதே கோணத்தில் விடும் ஒளியைப் போல் சுமார் 9 மடங்கு. மின்சாரம் போன இரவில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாட்டி வெற்றிலை மடிப்பதை எடுத்தேன். காம்பு கிள்ளும் நகம் கூர்மையாக இருந்தது, பின்னால் இருந்த பீரோ கரைந்தே போயிருந்தது. மிளகுத் துளையில் அந்தப் படம் வராது.

டிஎஸ்எல்ஆர் என்பது இரண்டாவது லென்ஸுக்காக வாங்கும் கேமரா. பறவைக்கும் இதுதான் கதை. வேடந்தாங்கல் கரையில் நின்று மரத்தில் இருக்கும் நத்தைக்குத்தி நாரையை இந்தக் காம்பாக்ட்டில் எடுத்தால், மரம் வரும், நாரை இருப்பதாக நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிஎஸ்எல்ஆரில் தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-300 மி.மீ. லென்ஸை மாட்டினால் அலகின் நடுவே உள்ள இடைவெளி வரை தெரியும். லென்ஸ் காணும் காட்சியையே உள்ளே இருக்கும் கண்ணாடி வழியாக நேராகப் பார்ப்பதால், பறக்கும் பறவையைத் தொடர்வதும் எளிது. பேட்டரியும் அப்படியே: ஒரு சார்ஜில் டி3500 சுமார் 1,550 படம், ஆர்எக்ஸ்100 சுமார் 330.

காம்பாக்ட்டுக்குப் பக்கபலமாக ஒன்று சொல்ல வேண்டும். அதை வெளியே எடுத்தால் யாரும் விறைப்பாக நிற்பதில்லை. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி ‘க்ளக்’ என்று எழும் சத்தத்துக்குக் கச்சேரி மேடையே திரும்பிப் பார்க்கும். பயணம், தெரு, குழந்தைகள், இவைதான் உங்கள் படங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு காம்பாக்ட்.

“கண்ணாடி இல்லாமல், லென்ஸ் மட்டும் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா என்ன ஆச்சு?” என்பீர்கள். சரிதான். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் மாடல்களைக் கைவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டன. நமக்கு அதில் லாபம் உண்டு: பழைய டிஎஸ்எல்ஆரும் லென்ஸும் செகண்ட் ஹேண்டில் மலிவு.

[திரையில்: கையில் ஒரு லென்ஸ், பின்னால் டார்ச்.]

வாங்கும்போது இரண்டு விஷயம். டி3500 போன்ற ஆரம்ப நிலை நிக்கான் கேமராக்களின் உடலில், லென்ஸைத் திருப்பி ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனக்குள் மோட்டார் இல்லாத பழைய 50 மி.மீ. ‘டி’ வகை லென்ஸை வாங்கினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு என்பதற்கு அடையாளமாக ‘ஏஎஃப்-எஸ்’ (AF-S) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரப்பதத்துக்கு அது சீக்கிரம் பிடிக்கும். இரண்டு மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து, லென்ஸை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நாலைந்து தூசு தெரிந்தால் கவலை இல்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை ஓடினால், விலை எவ்வளவு குறைந்தாலும் மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.