தொட்டியில் எழுதிய தேதி

எல்லாருக்கும் வணக்கம். 'உள்ளாட்சியில் நிலைத்தன்மை அறிக்கையும் மக்கள் பங்கேற்பும்' என்று அழைப்பிதழில் தலைப்பு போட்டிருக்கிறார்கள், படித்ததும் எனக்கே தூக்கம் வந்தது. தண்ணீர், குப்பை மாதிரி விஷயங்களை ஊராட்சி எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று மக்களுக்குச் சொல்கிற கணக்குதான் இந்த நிலைத்தன்மை அறிக்கை. சரி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பெயிண்டால் எழுதியிருப்பார்களே, கொள்ளளவு, சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள் என்று, என்னைக் கேட்டால் உள்ளாட்சி அறிக்கைகளிலேயே உருப்படியானது அதுதான். குடத்தோடு நிற்கிற அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தேதி தாண்டிப் பத்து நாள் ஆச்சே, இன்னும் கழுவலையா?" என்று டேங்க் ஆபரேட்டரைப் பிடித்துக்கொள்ளலாம். கழுவாமலே தேதியை மட்டும் மாற்றி எழுதுவதும் நடக்கும். தண்ணீரின் வாடையை வைத்து அதையும் அந்த அம்மாவே கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது கிராம சபைக்கு வாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். நல்ல விஷயம். 3001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், ஆனால் தலையை யார் எண்ணுகிறார்கள், நோட்டில் விழுகிற கையெழுத்தைத்தானே எண்ணுகிறார்கள்!

நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் வாசித்தார். 'திடக்கழிவு மேலாண்மை' என்று ஒரு வரி, ஒரு தொகை, உடனே தெருவிளக்குக்குத் தாவிவிட்டார். எத்தனை வண்டி குப்பை சேர்ந்தது, அதில் எவ்வளவு உரமானது, மீதியை எந்த ஏரிக்கரையில் கொட்டினார்கள் என்ற பேச்சே இல்லை. பணம் போன இடம் கணக்கில் இருக்கிறது, குப்பை போன இடம் இல்லை. கேட்கலாம் என்று ஒருவர் எழுந்தார், அதற்குள் டீ வந்துவிட்டது.

ஆகவே, நிலைத்தன்மை அறிக்கை என்று பளபளவென்று புத்தகம் அச்சடிக்க வேண்டாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கூட்டத்துக்கு ஒரு சார்ட் பேப்பர் போதும். போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, போன வருஷம் எத்தனை அடி, எந்தத் தெருவுக்குக் கடைசியாகத் தண்ணீர் போகிறது, இவ்வளவுதான். ஒரு வாரம் முன்னாலேயே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், அன்று காலையில் ஒட்டினால் யாரும் யோசித்துக் கேள்வியோடு வர முடியாது. கூட்டத்தில் அந்தக் கடைசித் தெருக்காரர்களை முதலில் பேச விடுங்கள், தலைவரின் வாழ்த்துரையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.