மருந்துக்கு மஜ்ஜை கேட்குமா?

எல்லோருக்கும் வணக்கம்.

காய்ச்சலுக்கு மாத்திரை போட்டும் சூடு இறங்கவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன சொல்வோம்? "மாத்திரைக்குக் கேக்கவே இல்லை" என்போம். இருமல் கஷாயத்துக்குக் கேட்கும், மூட்டுவலி தைலத்துக்குக் கேட்கும். நோய்க்கும் காது உண்டு என்பதுபோலப் பேசுவது நம் வழக்கம். இன்று நான் பேச வந்ததும் இந்தக் காதைப் பற்றித்தான். ரத்தநோய்ப் பிரிவின் வாசலில் மகன்களும் மகள்களும் என்னை நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அப்பாவுக்கு இந்த ஊசி கேக்குமா, டாக்டர்?"

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்று நீளமான பெயர், நாங்கள் எம்.டி.எஸ். என்போம். பெரும்பாலும் எழுபதை ஒட்டிய வயதில் வருவது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்களின் சமையல்கட்டு. ரத்தம் குறைந்த ஆளின் மஜ்ஜை காலியாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால், இந்த நோயாளிகள் பலரிடம் அது நிரம்பிக் கிடக்கும். கல்யாண வீட்டில் எல்லா அடுப்பும் எரிகிறது, அண்டா அண்டாவாக வேகிறது, பந்தியில் மட்டும் இலை காலி. அப்படி ஒரு நிலை. கோளாறான ஒரு தண்டணுவின் (ரத்த அணுக்களுக்கெல்லாம் தாயான ஸ்டெம் செல்) வழி வந்த அணுக்கள் வளர்ந்து முடிவதற்குள் மஜ்ஜைக்குள்ளேயே செத்துப்போகின்றன. ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று இறங்கும். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். சிலருக்கு இது லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயாகவும் மாறும்.

இந்த நோய்க்கு மதிப்பெண் போடும் சர்வதேச முறை ஒன்று 1997-இல் வந்தது. 2012-இல் அதைத் திருத்தினார்கள். 2022-இல் மரபணு மாற்றங்களையும் சேர்த்து மறுபடி எழுதினார்கள். நல்ல முறைதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சொல்வது நோயின் வேகத்தை: லுக்கேமியாவாக மாறுமா, இன்னும் எவ்வளவு காலம் என்பதை. மகன் கேட்டது அதை இல்லையே! மழை வலுக்குமா என்பது ஒரு கேள்வி, கையில் இருக்கும் குடை தாங்குமா என்பது வேறு கேள்வி. எங்கள் துறையிலேயே இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

குடைக் கேள்விக்கு வந்த பதில்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடனிலிருந்து வந்தது. எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஊசியாகப் போடுகிறோமே, அதுதான். உடம்பில் அதைச் சுரப்பது சிறுநீரகம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் இந்த ஹார்மோனை அனுப்பி, "சிவப்பணு போதவில்லை, சீக்கிரம் செய்" என்று மஜ்ஜையை விரட்டும். எம்.டி.எஸ். நோயாளிகளுக்கும் இதை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு ஹீமோகுளோபின் ஏறியது, பலருக்கு ஏறவில்லை. யாருக்கு ஏறும்?

எவா ஹெல்ஸ்ட்ரோம்-லிண்ட்பெர்க் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1997-இல் இரண்டே இரண்டு விஷயங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒன்று, ஊசி போடுவதற்கு முன்பே அவர் ரத்தத்தில் அந்த ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது. இன்னொன்று, மாதத்துக்கு இரண்டு யூனிட் ரத்தமாவது ஏற்றிக்கொள்கிறாரா. ஹார்மோன் 100-க்குக் கீழே என்றால் கூட்டல் மதிப்பெண், 500-ஐத் தாண்டினால் கழித்தல். ரத்தம் ஏற்றும் தேவை குறைவு என்றால் கூட்டல், கூடுதல் என்றால் கழித்தல். அவ்வளவுதான், ஒரு தபால் அட்டையின் பின்பக்கம் போதும். இந்த ஹார்மோனோடு வெள்ளணு ஊக்கி ஊசி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, நல்ல மதிப்பெண் பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு மருந்து கேட்டது. நடுவில் இருந்தவர்களில் 23 சதவீதம். கடைசிக் கூட்டத்தில் 7 சதவீதம்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும். ஹார்மோன் ஏற்கெனவே 500-க்கு மேல் இருக்கிறது என்றால், சிறுநீரகம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது, மஜ்ஜை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று பொருள். அந்தக் கூச்சலோடு நாமும் வெளியிலிருந்து சேர்ந்து கத்தி என்ன ஆகப்போகிறது? அளவு குறைவாக இருந்தால், இன்னும் உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். மரபணு வரிசையெல்லாம் படிக்காமல், ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துச் சொன்ன கணிப்பு இது. அதனால்தான் ரத்தம் ஏற்றிய தேதியையும் எத்தனை யூனிட் என்பதையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று எல்லோரையும் நச்சரிக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிக் கோப்பில் கிடைக்காத தகவல், மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிடைத்துவிடும்.

அடுத்தது வேறு மாதிரிக் கதை. இங்கே மருந்து முதலில் வந்தது, காரணம் பிறகுதான் தெரிந்தது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஹெர்மன் வான் டென் பெர்க் என்பவர் 1974-இல் சில ரத்தசோகை நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய ஐந்தாவது குரோமோசோமில் நீளமான கையில் ஒரு துண்டைக் காணோம். வயதான பெண்களிடம் அதிகம் காணப்படும் வகை இது. முப்பது ஆண்டு கழித்து, தாலிடோமைடின் வாரிசான லெனலிடோமைடை இந்தத் துண்டு இழந்த 148 பேருக்குக் கொடுத்தார்கள். அதில் 67 சதவீதம் பேருக்கு ரத்தம் ஏற்றவேண்டிய தேவையே இல்லாமல் போனது. 2006-இல் முடிவு வெளியானது. எம்.டி.எஸ்.-இல் இப்படி ஒரு எண்ணை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஏன் இவர்களுக்கு மட்டும்? 2015-இல்தான் விடை கிடைத்தது. காணாமல் போன அந்தத் துண்டில் கேசின் கைனேஸ் 1 ஆல்ஃபா என்ற புரதத்துக்கான மரபணு இருக்கிறது. நல்ல அணுவில் அந்த மரபணு இரண்டு பிரதி, நோயுற்ற அணுவில் ஒன்றுதான். லெனலிடோமைடு, அணுவின் குப்பை அகற்றும் ஏற்பாட்டைத் தூண்டி, இந்தப் புரதத்தை அழிக்கச் சொல்கிறது. இரண்டு வருமானம் உள்ள வீட்டில் ஒரு மாதம் சம்பளம் பிடித்தாலும் அடுப்பு எரியும். ஒற்றை வருமான வீட்டில்? நோயுற்ற அணு தாங்காமல் சாகிறது, நல்ல அணு தப்பிக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்தின் பெயர் செரிப்ளான். எலியின் செரிப்ளானில் முக்கியமான ஓர் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மனிதனிடமிருந்து மாறியிருக்கிறது. அதனால் எலியின் அணு இந்த மருந்துக்குக் கேட்பதில்லை. தாலிடோமைடு 1950-களில் எலிச் சோதனையில் சாது மாதிரி நடந்துகொண்டு, பிறகு ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் குறையோடு பிறக்க வைத்த வரலாறு உங்களுக்குத் தெரியும். ஓர் உயிரின் காதுக்கு எட்டாதது இன்னோர் உயிரின் காதில் இடியாக விழும்.

சரி, ஐந்தாவது குரோமோசோமில் துண்டு இல்லையென்றால் லெனலிடோமைடு நிச்சயம் கேட்கும் என்று சொல்லிவிடலாமா? முடியாது. அந்த நோயாளிகளில் சிலரிடம் டி.பி.53 என்ற மரபணுவும் கெட்டிருக்கும். தொடக்கத்தில் அப்படிப்பட்ட அணுக்கள் கொஞ்சம்தான் இருக்கும், தேடினால்தான் தெரியும். ஆனால் அவர்களுக்கு மருந்து சரியாகப் பிடிப்பதில்லை, நோய் லுக்கேமியாவை நோக்கி நகர்வதும் அதிகம்.

வளையம் போட்ட அணுக்களையும் சொல்லாமல் விட முடியாது. மஜ்ஜையில் நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால், சிலரிடம் இரும்புத் துகள்கள் அணுவின் உட்கருவைச் சுற்றி மாலைபோல நிற்கும். எஸ்.எஃப்.3பி1 மரபணு மாற்றம்தான் இதன் பின்னணி என்று 2011-இல் தெரிந்தது. இவர்களுக்கென்று லஸ்பாடர்செப்ட் என்ற ஊசியைச் சோதித்தார்கள். 38 சதவீதம் பேர் எட்டு வாரமாவது ரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள், மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 13 சதவீதம். சுமார்தான் என்று தோன்றலாம். வாரம் விட்டு வாரம் ரத்த வங்கிக்கு அலைந்தவருக்கு அது சுமார் இல்லை.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். நோய் முற்றிய நிலையில் நாங்கள் அதிகம் கொடுப்பது அசாசிடிடின். 1964-இலேயே செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பொருள், எம்.டி.எஸ்.-க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004-இல். 2009-இல் வெளியான பெரிய சோதனையில், மற்ற சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 15 மாதம், இது பெற்றவர்களுக்கு 24.5 மாதம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்த அளவுகள் தேறும். எந்தப் பாதி? இதில்தான் நாங்கள் தடுமாறுகிறோம். டெட்2 மரபணு மாறியிருப்பவர்களுக்கு மருந்து கேட்கும் வாய்ப்பு கூடுதல் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் சொல்லின. ஆனால் அவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்களா என்று பார்த்தால், தெளிவான வித்தியாசம் இல்லை. எண்கள் தேறுவதும் ஆள் தேறுவதும் ஒன்றல்ல என்று அதில்தான் கற்றுக்கொண்டோம். டெட்2 இல்லை என்பதற்காக ஒருவருக்கு இந்த மருந்தை மறுக்கவும் முடியாது.

2016-இல் இன்னோர் ஆய்வு வந்தது. டெசிடபின் என்ற உறவுக்கார மருந்தைப் பத்து நாள் கொடுத்தபோது, டி.பி.53 கெட்டிருந்த 21 பேருக்கும் மருந்து கேட்டது. 21-க்கு 21! எங்கள் கூட்டங்களில் அப்போது வேறு பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பலன் நீடிக்கவில்லை. 21 பேர் என்பது ஒரு டவுன் பஸ்ஸில் பாதிகூட நிரம்பாத கூட்டம், அதை வைத்து ஊர் முழுவதற்கும் சட்டம் எழுத முடியாது. கணினிக்கு ஆயிரக்கணக்கான மரபணு விவரங்களைக் கொடுத்துக் கணிக்கச் சொல்லும் முயற்சிகளைப் பார்க்கும்போதும் நான் முதலில் கேட்பது, கற்றுக்கொடுத்த ஆஸ்பத்திரியைத் தவிர வேறு இடத்தில் அதைப் பரீட்சித்தீர்களா என்பதுதான்.

அசாசிடிடினில் இன்னொரு சிக்கல், அது மெதுவாகக் கேட்கும் மருந்து. மாதம் ஏழு நாள் ஊசி என்று ஒரு சுற்று. மருந்து கேட்பவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஆறு சுற்றுக்குள் மாற்றம் தெரிந்துவிடும், ஆனால் அதுவரை பொறுக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றில் அளவுகள் இன்னும் கீழே போகும். "ஊசி போட்டு மோசமாகிவிட்டது" என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கேட்க ஆரம்பித்திருக்கக்கூடிய மருந்தைக் கேட்கவில்லை என்று எழுதிவிடுகிறோம்.

அப்புறம், பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து கேட்டார். "அந்த 74-இல் நான் இருக்கேனா, மீதி 26-இல் இருக்கேனா, அதைச் சொல்லுங்க டாக்டர்."

அதைச் சொல்லும் சோதனை இன்றைக்கு என்னிடம் இல்லைம்மா என்றேன். ஹார்மோன் ஊசி என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் போட்டுப் பார்ப்போம். எந்தத் தேதியில் பார்த்து முடிவெடுப்பது, கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன என்பதையும் முதல் ஊசி போடும் அன்றைக்கே உங்கள் நோட்டில் எழுதித் தருவேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, "இதுலயே எழுதிடுங்க" என்று நீட்டினார். முதல் பக்கத்தில் பால் கணக்கு இருந்தது.