கப்பல் நிற்கும் ஊர் வேறு, நாம் பார்க்கும் ஊர் வேறு

(காட்சி: காட்பாடி ஜங்ஷன், காலை நேரம். சென்னை ரயில் நடைமேடைக்குள் வருகிறது.)

வணக்கம். காட்பாடி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு சொகுசுக் கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் கப்பலில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்குக் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நிற்கிறது, மாலை 6 மணிக்குக் கிளம்பிவிடும். அவருக்கு வேலூர்க் கோட்டையைப் பார்க்க ஆசை. 1806-ஆம் ஆண்டு சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிப் படித்திருக்கிறார். அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமாம். போய்விட்டுத் திரும்பிவிடலாமா என்று உங்களைக் கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

நம் ஊர்க்காரர் யாரும் ‘தாராளமாக’ என்று சொல்லிவிட மாட்டார். சென்ட்ரலிலிருந்து இங்கே சுமார் 130 கிலோமீட்டர், விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம். இங்கிருந்து கோட்டைக்கு ஆட்டோ, நடுவில் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசல். திரும்பும் ரயில் அரக்கோணத்தில் சிக்னலுக்காக நின்றால் போயிற்று. இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதே நாம் ஒரு கப்பல் பயணத்தைப் பதிவு செய்யும்போது, பயணத் திட்டத்தில் ‘பாங்காக்’ என்று போட்டிருந்தால் கப்பல் பாங்காக்கில் நிற்கும் என்று நம்பிவிடுகிறோம்.

(காட்சி: அச்சிட்ட பயணத் திட்டம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர்கள் பெரிதாகின்றன.)

பாங்காக் (லேம் சபாங்). ரோம் (சிவிட்டாவெக்கியா). பாரிஸ் (லெ ஆவ்ர்). கோலாலம்பூர் (போர்ட் கிளாங்). பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் கப்பல் நிற்கப் போகும் ஊர்.

இதில் நாம் ஏமாறுவதற்குச் சென்னையும் ஒரு காரணம் என்பேன். சென்னைத் துறைமுகம் நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. வெளியே வந்து ராஜாஜி சாலையைக் கடந்தால் பாரிமுனை. எல்லா ஊரும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உலகத்தின் பழைய பெருநகரங்களில் பல, கடற்கரையில் இல்லை, ஆற்றங்கரையில் இருக்கின்றன. ரோம் டைபர் ஆற்றில், பாரிஸ் சென் ஆற்றில், பாங்காக் சாவ் பிரயா ஆற்றில், கோலாலம்பூர் இரண்டு ஆறுகள் கூடும் சேற்று நிலத்தில். இன்றைய பெரிய கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் எட்டு மீட்டர் அளவுக்கு இறங்கி நிற்கும். அது இந்த ஆறுகளுக்குள் நுழைந்து ஊருக்குப் போக முடியாது. சிவிட்டாவெக்கியாவில் துறைமுகம் கட்டியவர் ரோமப் பேரரசர் டிராஜன், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆக இது இன்று நேற்றுத் தொடங்கிய சிக்கல் இல்லை. நம் பாலாற்றைப் பொறுத்தவரை இந்தக் கவலையே இல்லை. அதில் பெரும்பாலும் மணல்தான் ஓடுகிறது.

(காட்சி: வேலூரை நடுவில் வைத்த வரைபடம்.)

தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் மனத்தில் நிற்காது. நம் ஊர் அளவில் சொல்கிறேன். போர்ட் கிளாங்கில் சொகுசுக் கப்பல்கள் நிற்கும் முனையத்திலிருந்து கோலாலம்பூர், வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பிரியாணி சாப்பிடப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோம், வேலூரிலிருந்து காஞ்சிபுரம். லேம் சபாங்கிலிருந்து பாங்காக், ஏறக்குறைய காட்பாடியிலிருந்து சென்னை. லெ ஆவ்ரிலிருந்து பாரிஸ், இங்கிருந்து பெங்களூரு. சில கப்பல்கள் ‘பெர்லின்’ என்று போட்டு வார்னமுண்டே என்ற ஊரில் நிற்கின்றன. அது பாரிஸைவிடவும் தூரம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்.

இப்போது பாங்காக் கணக்கைப் பாருங்கள். காலை 8 முதல் மாலை 6 வரை பத்து மணி நேரம் என்று தோன்றும். கப்பலைக் கரையில் கட்டியவுடன் யாரும் இறங்கிவிட முடியாது. குடியேற்ற அதிகாரிகள் அனுமதி கொடுத்து, வரிசையில் நகர்ந்து, வெளி வாசலுக்கு வர 9 மணி ஆகிவிடும். மாலையில் 6 மணிக்குக் கப்பல் கிளம்பும் என்றால் எல்லோரும் 5.30-க்கே உள்ளே இருக்க வேண்டும். சில கப்பல்களில் இன்னும் முன்னதாக. போக்குவரத்து நெரிசலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், 4.30-க்கு வாசலில் நிற்க வேண்டும். கையில் இருப்பது ஏழரை மணி நேரம். போக வர ஐந்து மணி நேரம் சாலையில் போகும். மிச்சம் இரண்டரை மணி. அதில் சாப்பாடும் உண்டு. பாங்காக் அரண்மனைக்கு நுழைவுச் சீட்டு பிற்பகல் 3.30 வரைதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், நிலத்தில் கிடைக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் சாலையே தின்றுவிடும் என்றால் அந்தப் பெருநகரத்தை விட்டுவிடலாம். லேம் சபாங்கிலிருந்து பட்டாயா பக்கம். இத்தாலியின் லிவோர்னோவில் நின்றால் ஃபிளாரன்ஸ் 90 கிலோமீட்டர், பீசா 20 கிலோமீட்டர்தான். முதலில் கேட்டாரே வெளிநாட்டுக்காரர், அவருக்கும் இதையே சொல்வேன்: இந்த முறை காஞ்சிபுரம் போங்கள், வேலூருக்கு இன்னொரு முறை வந்து ஓர் இரவு தங்குங்கள்.

ரோமை மட்டும் விட வேண்டாம். சிவிட்டாவெக்கியாவில் துறைமுகப் பேருந்து பிடித்து ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ரோமா சான் பியெத்ரோ நிலையத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இறங்கினால் வாட்டிகன் நடக்கிற தூரம். பலர் ரோமின் பெரிய ரயில் நிலையமான தெர்மினி வரை போய்விட்டுத் திரும்பி வந்து நேரத்தை வீணாக்குகிறார்கள். காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். கிழமையையும் பாருங்கள். வாட்டிகன் அருங்காட்சியகம், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். பாரிஸில் லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடல். கப்பலுக்கு இதெல்லாம் தெரியாது, அது தன் போக்கில் வந்து நிற்கும்.

(காட்சி: துறைமுகத்தை விட்டு விலகும் கப்பல். கரையில் இருவர் ஓடுகிறார்கள், வரைபடச் சித்திரம்.)

தாமதமானால் கப்பல் நிற்காதா? நம் டவுன் பஸ்ஸே கை காட்டினால் நிற்கிறதே! கப்பல் நிற்காது. அதற்குத் துறைமுகத்தில் ஒதுக்கிய நேரம் முடிந்துவிடும், வெளியே கொண்டுபோகும் பைலட் ஏறியிருப்பார், அடுத்த துறைமுகத்திலும் நேரம் குறித்தாகிவிட்டது. தாமதத்தை வேகத்தால் ஈடுகட்டுவதும் லேசான காரியம் இல்லை. கப்பலின் வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால் எஞ்சின் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். இரண்டு பேருக்காக அவ்வளவு எண்ணெயை எரிக்க மாட்டார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால், அந்தப் பேருந்து தாமதமானாலும் காத்திருப்பார்கள்; முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். விலை கூடுதல்தான், சாப்பாடும் சுமார்தான். ஒரு மணி நேரத் தூரம் வரை நீங்களே போங்கள். இரண்டு மணி நேரத் தூரம் என்றால் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அதை நான் காப்பீடு என்றுதான் கணக்கு வைக்கிறேன்.

சொந்தமாகப் போகிறவர்கள், கப்பலில் தினமும் கொடுக்கும் தாளில் துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்துக்காக வேலை பார்ப்பவர்) தொலைபேசி எண் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலை விட்டுவிட்டால் உங்களுக்கு அவர்தான் கதி. பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்களே வாங்கி வைத்திருந்தால் நகலாவது கையில் இருக்கட்டும். விசாவும் அப்படித்தான்: சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவில் இறங்கிப் பார்த்து, மீண்டும் சிங்கப்பூரில் முடிகிற பயணம் என்றால் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். பலமுறை நுழைவு விசா இல்லாவிட்டால் சிக்கல்.

(காட்சி: பத்துமலை, வண்ணப் படிகள்.)

இவ்வளவு பேசும் நானே மாட்டிக்கொள்ளப் பார்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மாவோடு சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய கப்பல், போர்ட் கிளாங்கில் ஒரு பகல் நின்றது. வெள்ளிக்கிழமை. போர்ட் கிளாங்கில் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் சொகுசுக் கப்பல் நிற்கும் முனையம் இண்டா தீவில் தனியாகக் கிடக்கிறது. அதனால் வாடகைக் கார். ஓட்டியவர் தமிழர். இரட்டைக் கோபுரம், சந்தை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பத்துமலை மட்டும் என்று முடிவு செய்திருந்தோம். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, 272 படிகள். வள்ளிமலையில் ஏறிப் பழகிய கால் என்று சொல்லிக்கொண்டு அப்பா எங்களுக்கு முன்னால் ஏறினார். 2018-இல் படிகளுக்கெல்லாம் வண்ணம் அடித்துவிட்டார்கள். “ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறமா, எண்ணுவதற்கு வசதிதான்” என்று நூறாவது படியில் நின்று மூச்சு வாங்கினார்.

அப்பாவிடம் ஒரு பிடிவாதம். கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து மாற்ற மாட்டார். மாத்திரை நேரம் குழம்பிவிடுமாம். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால்.

கீழே அம்மாவின் சித்தி மகள் காத்திருந்தார், எனக்குச் சித்தி முறை. ஆற்காடு மக்கன் பேடா டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் திட்டம். சித்தி விடவில்லை. “சாப்பிடாமல் எப்படி மாமா போவீர்கள்? பத்து நிமிடத் தூரம்தான் வீடு” என்றார். அந்தப் பத்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆனது. வாழையிலையில் சாம்பார், ரசம், அப்புறம் பாயசம், அப்புறம் அம்மாவும் சித்தியும் குடியாத்தத்தில் யார் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்று பேசி முடிக்கும்வரை இருக்க வேண்டியதாயிற்று. நான் மணி பார்த்தபோது 3.20. கார் நெடுஞ்சாலை ஏறியதும் மழை கொட்டத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை நெரிசல் வேறு. இரட்டைக் கோபுரத்தைக் கார் கண்ணாடியில் வழிந்த தண்ணீர் வழியாகத்தான் பார்த்தோம். ஓட்டுநர் பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா கந்தர் சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முனைய வாசலில் கார் நின்றபோது மணி 5.10. வெள்ளைச் சட்டை அதிகாரி கையைக் காட்டி வேகமாக வரச் சொன்னார். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. வாசலை ஒட்டிய சின்னக் கடை முன்னால் நிதானமாக நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணி 2.40 தானே ஆகிறது. ஒரு டீ குடித்துவிட்டு ஏறலாமே?”