புது பிரேக் பேட் போட்ட பிறகு முன் பிரேக் மக்கர் பண்ணுதா? பிஸ்டன்ல இருந்து ஆரம்பிங்க

(காட்சி: வீட்டு வாசல் சரிவு. 150 சிசி வண்டி ஒண்ணு டபுள் ஸ்டாண்ட்ல நிக்குது. கேமரா முன் பிரேக் லிவர் பக்கத்துல.)

இந்த லிவரைப் பாருங்க. இழுக்கிறேன். நேரா போய் கைப்பிடியில ஒட்டிக்குது, பிரேக்கே இல்ல. பேட் மாத்தி அஞ்சு நிமிஷம்தான் ஆகுது.

முதல் தடவை நானே பேட் மாத்தினப்ப இது தெரியாம வண்டியை இதே சரிவுல தள்ளி இறக்கிட்டேன். லிவரை இழுத்தா கைக்குப் பிடியே கிடைக்கல. வண்டி நேரா போய் எதிர் வீட்டு கேட்ல முட்டி நின்னுது. ஹெட்லைட் தப்பிச்சது, மானம் தப்பிக்கல.

இதுல பேட் மேல ஒரு தப்பும் இல்ல. தேஞ்ச பேட் மெலிசு, புது பேட் தடிமன். அதுக்கு இடம் விடணும்னா பேடை டிஸ்க் மேல அமுக்குற காலிப்பருக்குள்ள இருக்கிற பிஸ்டனைப் பின்னாடி தள்ளியே ஆகணும். தள்ளினதும் பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவுல இடைவெளி வந்துடும். லிவரைப் பொறுமையா பத்து இருபது தடவை பம்ப் பண்ணினா பிஸ்டன் திரும்ப வெளிய வந்து பேடைத் தொடும், லிவரும் கல்லு மாதிரி நிக்கும். அது வரைக்கும் வண்டியை ஸ்டாண்ட்ல இருந்து இறக்காதீங்க.

பம்ப் பண்ணியும் சரியாகலைன்னா? இல்ல, லிவர் நல்லா நிக்குது, ஆனா சக்கரம் சுத்த மாட்டேங்குதுன்னா? மிச்ச வீடியோ அதுக்குத்தான்.

(காட்சி: கழட்டின காலிப்பர். பிஸ்டனைச் சுத்தி கருப்பா ஒரு வளையம்.)

இந்தக் கருப்பு வளையத்தை நல்லா பாருங்க. பழைய பேட் தேயத் தேய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துக்கிட்டே இருந்திருக்கு. வெளிய வந்த அந்தப் பகுதி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மழைத் தண்ணி, சேறு, பேட் தூசி எல்லாத்தையும் வாங்கி அப்பிக்கிட்டு உக்காந்திருக்கு. கடலோர ஊர்னா உப்புக் காத்தும் சேர்ந்துக்கும். அப்படியே ஸ்க்ரூட்ரைவரை வெச்சு நெம்பி உள்ள தள்ளினா, இந்த அழுக்கு நேரா ரப்பர் சீல் மேல போய் உக்காரும்.

அந்த சீல் வெறுமனே ஆயில் ஒழுகாம தடுக்கிறதுக்கு மட்டும் இல்ல. டிஸ்க் பிரேக்ல பேடைப் பின்னாடி இழுக்க தனியா ஸ்ப்ரிங் கிடையாது. சதுர வெட்டு இருக்கிற அந்த ரப்பர் வளையம்தான், பிஸ்டன் முன்னாடி போகும்போது அதோட சேர்ந்து கொஞ்சம் முறுக்கிக்கும். லிவரை விட்டதும் முறுக்கு திரும்பும், பிஸ்டனையும் ஒரு பேப்பர் தடிமனுக்குப் பின்னாடி இழுத்துக்கும். டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அவ்வளவுதான். சீல்ல மண்ணு சிக்கிட்டா அந்த இழுப்பு போயிடும், பேட் டிஸ்க்கை விடாது.

அதனால தள்ளுறதுக்கு முன்னாடி சுத்தம். பேடைக் கழட்டிட்டு லிவரை லேசா ஒண்ணு ரெண்டு தடவை அழுத்துங்க, பிஸ்டன் இன்னும் கொஞ்சம் வெளிய வரட்டும். ரொம்ப அழுத்தினா பிஸ்டனே வெளிய வந்து விழுந்துடும், ஜாக்கிரதை. பழைய டூத் பிரஷ்ல பிரேக் கிளீனர் இல்லன்னா சோப்புத் தண்ணி போட்டு தேயுங்க. பிரஷ் போகாத பின்பக்கத்துக்கு ஒரு துணிப் பட்டையைச் சுத்தி, ஷூவுக்கு பாலிஷ் போடுற மாதிரி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இழுங்க. பளபளன்னு ஆனதும் துளி புது பிரேக் ஆயிலைத் தடவி, பழைய பேடை மேல வெச்சு கையால தள்ளுங்க. நல்ல நிலைமையில இருக்கிற பிஸ்டன் கட்டை விரல் பலத்துக்கே உள்ள போகும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீங்க, ரப்பர் ஊதிடும்.

இதுவரை சொன்னது பிஸ்டன் கதை. நம்ம 150 சிசி வண்டிகள்ல பெரும்பாலும் ஃப்ளோட்டிங் காலிப்பர். அதாவது பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும், காலிப்பரே ரெண்டு பின்னு மேல வழுக்கி நகர்ந்து மறுபக்க பேடை இழுத்து அமுக்கும். புது தடிமன் பேட் போட்டதும் காலிப்பர் அந்தப் பின்னுல ரொம்ப நாளா போகாத இடத்துக்குப் போய் உக்காரணும். அந்த இடத்துல துரு இருந்தா அங்கேயே ஜாம்.

இதைக் கண்டுபிடிக்க பழைய பேடே போதும், அவசரப்பட்டு குப்பையில போட்டுடாதீங்க.

(காட்சி: உள்ளங்கையில ரெண்டு பழைய பேட்.)

பிஸ்டன் பக்க பேட் தகரம் தெரியுற அளவுக்குத் தேஞ்சிருக்கு, மறுபக்கம் பாதிகூட தேயல. அப்படின்னா காலிப்பர் நகரல, பின் ஜாம். ஒரே பேட் ஒரு முனையில தடிமனாவும் மறு முனையில மெலிசாவும் ஆப்பு மாதிரி இருந்தாலும் பின்னைத்தான் முதல்ல சந்தேகப்படணும். பின்னைக் கழட்டி துடைச்சுட்டு சிலிக்கான் கிரீஸ் போடுங்க. பேரிங்குக்குப் போடுற சாதா கிரீஸைப் போட்டா முதல் வாரம் வழுக்கிக்கிட்டு நல்லாத்தான் இருக்கும், அப்புறம் பின்னுல இருக்கிற ரப்பர் ஊதிக்கிட்டுப் பழையபடி இறுகிடும். இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப நிறைய பேர் சொல்ற பிரச்சினை. "பேட் மாத்தினதுல இருந்து வண்டி இழுவையா இருக்கு, பத்து கிலோமீட்டர் போனா லிவர் இறுகிடுது, கொஞ்ச நேரம் நிறுத்தினா சரியாகிடுது."

இழுவை நிஜமா இருக்கான்னு முதல்ல பாருங்க. காலியான ரோட்டுல மெதுவா, முன் பிரேக்கைத் தொடாம பின் பிரேக்கை மட்டும் வெச்சு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. விரலைத் தண்ணியில நனைச்சு முன் டிஸ்க் மேல ஒரு சொட்டு தெளிங்க. சும்மா வழிஞ்சா பிரச்சினை இல்ல. சுர்ருன்னு ஆவியானா பேட் விடாம உரசிக்கிட்டே வந்திருக்கு. டிஸ்க்கைத் தொட்டுப் பாக்கிற வீரம் வேண்டாம்.

இழுவை இருக்குன்னா கோளாறு மேலயா கீழயா? சக்கரம் இறுகி நிக்கிற நேரத்துல, காலிப்பர்ல ஆயிலையும் காத்தையும் வெளிய விடுற ப்ளீட் நிப்பிளுக்கு ஒரு ட்யூபை மாட்டி, 8 எம்எம் ரிங் ஸ்பேனரால கால் திருகு திறங்க. சில வண்டியில 10 எம்எம். ஆயில் சர்ருன்னு பீச்சி சக்கரம் உடனே லூசாச்சுன்னா, பிரஷர் உள்ளயே மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. கோளாறு மேல, லிவர் அமுக்குற மாஸ்டர் சிலிண்டர்லயோ அங்கிருந்து கீழ வர்ற ஹோஸ்லயோ. திறந்தும் சக்கரம் அசையலைன்னா கோளாறு கீழ, பிஸ்டன் இல்லன்னா பின். எது எப்படியோ, பார்த்ததும் நிப்பிளை இறுக்கிடுங்க. இதைச் செஞ்ச பிறகு ஏர் எடுக்காம, அதாவது உள்ள புகுந்த காத்தை வெளியேத்தாம ஓட்டக் கூடாது, முன் பிரேக் இருக்காது.

மேலன்னு தெரிஞ்சா முதல்ல ஹேண்டில்பார்ல இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவோட அளவைப் பாருங்க. பேட் தேயும்போது டப்பாவுல ஆயில் அளவு தானா இறங்கும், அது சகஜம். சர்வீஸ்ல யாரோ அதைப் பார்த்துட்டு மேல வரைக்கும் ஊத்திடுவாங்க. அப்புறம் புது பேட் போட்டு பிஸ்டனைத் தள்ளினா அந்த ஆயில் எல்லாம் எங்க போகும்? டப்பா கழுத்து வரை ரொம்பிடும், சூட்டுல விரிய இடம் இருக்காது. சிரிஞ்சை வெச்சு அப்பர் கோட்டுக்குக் கீழ உறிஞ்சி எடுங்க, அவ்வளவுதான் வேலை. சிந்தினா உடனே தண்ணி விட்டுக் கழுவுங்க. பிரேக் ஆயில் பட்ட இடத்துல டேங்க் பெயின்ட் உரிஞ்சு வரும்.

அளவு சரியா இருந்தும் பிரஷர் மாட்டுதுன்னா டப்பா அடியில இருக்கிற ஊசி ஓட்டையைப் பாக்கணும்.

(காட்சி: மூடி திறந்த டப்பா, மேல இருந்து. ஆயிலுக்கு அடியில ரெண்டு ஓட்டை.)

டப்பா அடியில ஒரு ஓட்டை பெருசு. இன்னொண்ணு, சில வண்டியில டார்ச் அடிச்சாத்தான் தெரியும், ஊசி முனை அளவு. லிவரை விட்டதும் மிச்ச பிரஷர் இந்தச் சின்ன ஓட்டை வழியாத்தான் டப்பாவுக்குத் திரும்பி வரணும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு லிவரை ரொம்ப மெதுவா, ஒரு நூல் அளவு இழுங்க. ஆயில் மேல சின்னதா ஒரு ஊத்து எழும்புச்சா? ஓட்டை திறந்திருக்கு. ஒண்ணும் வரலைன்னா அடைப்பு. பழைய ஆயில் உறைஞ்சு ஜெல்லி மாதிரி படிஞ்சிருக்கும். வயர்ல இருந்து ஒத்தை செம்பு இழையை எடுத்து மெதுவா குத்தி எடுக்கலாம். இரும்பு ஊசி வேண்டாம், ஓட்டை விளிம்புல பிசிர் விழுந்தா உள்ள இருக்கிற ரப்பர் கப்பைக் கிழிச்சிடும்.

இன்னொரு காரணம் இருக்கு, நான் அதிகமா பார்க்கிறது அதைத்தான். பேட் வாங்கப் போன கடையிலயே கலர் கலரா ஷார்ட் லிவர் தொங்கும், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைஞ்ச சென்னை ஜி.பி. ரோட்டுல சொல்லவே வேணாம். அதையும் வாங்கி மாட்டிடுவாங்க. சில லிவரோட மூக்கு ஒரு மில்லிமீட்டர் அதிகமா நீட்டிக்கிட்டு, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஆயிலைத் தள்ளுற பிளஞ்சரை எப்பவும் லேசா அமுக்கிக்கிட்டே இருக்கும். உள்ள இருக்கிற கப் அந்தச் சின்ன ஓட்டையை மூடிடும். அப்புறம் சூடாக சூடாக பிரேக் தானா பிடிக்க ஆரம்பிக்கும். லிவர் முனையில கொஞ்சமாவது வெறும் ஆட்டம் இருக்கணும். இல்லன்னா பழைய லிவரை மாட்டிப் பாருங்க, பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சிடும்.

சரி, லிவர் பஞ்சு மாதிரி இருக்குன்னு சொல்றவங்களுக்கு. பம்ப் பண்ணப் பண்ண இறுகுது, விட்டுட்டு மறுபடி பிடிச்சா பஞ்சாகுதுன்னா உள்ள ஏர். ஒரே அழுத்தமா பிடிச்சிருக்கும்போது லிவர் மெல்ல மெல்ல கைப்பிடிக்கு இறங்குதுன்னா எங்கேயோ ஒழுகல், இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் கப் தேஞ்சிருக்கு. இது ஏர் எடுத்தா சரியாகாது. ஒழுகலை அடைக்கணும், கப் தேஞ்சிருந்தா மாஸ்டர் சிலிண்டர் ரிப்பேர் கிட் மாத்தணும்.

பேட் மட்டும் மாத்தினா ஏர் புக வழியே இல்லையேன்னு கேப்பீங்க. நியாயம். ஹோஸையும் நிப்பிளையும் தொடலைன்னா பெரும்பாலும் புகாது. ஆனா பிஸ்டனைத் தள்ள நிப்பிளைத் திறந்திருப்பீங்க, இல்ல டப்பா காலியானது தெரியாம பம்ப் பண்ணியிருப்பீங்க. ஏர் எடுக்கிறது எல்லாரும் காட்டின விஷயம்தான்: லிவரைப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, லிவரை விடு. மூடாம லிவரை விட்டா வெளியேத்தின காத்தையே திரும்ப உறிஞ்சிடும். நிப்பிளை வெறித்தனமா இறுக்காதீங்க, முறிஞ்சா காலிப்பருக்கே செலவு. கடைசியா மிஞ்சுற குமிழிக்கு ஒரு பழைய வைத்தியம்: ஹேண்டில்பாரை டப்பா மேல வர்ற மாதிரி திருப்பி, ராத்திரி முழுக்க லிவரை இழுத்து ட்யூப் துண்டால கட்டி வெச்சுடுங்க. காலையில அவிழ்த்துட்டு மெதுவா நாலு தடவை தட்டினா குமிழி மேல வந்துடும்.

ஆயில் டப்பா மூடியில எழுதியிருக்கிறதை ஊத்துங்க, பெரும்பாலும் டாட் 4-ங்கிற தர பிரேக் ஆயில். புது டாட் 4 கொதிக்க குறைஞ்சது 230 டிகிரி வேணும், ஈரம் உறிஞ்சினா அந்த அளவு 155 வரைக்கும் இறங்கும். அதனால போன வருஷம் திறந்து வெச்ச பாட்டில் வேண்டாம். டாட் 5 பேர்ல பெரிய நம்பர்னு ஊத்திடாதீங்க, அது சிலிக்கான், வேற ஜாதி.

ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம தடுக்கிற சிஸ்டம் இருக்கிற வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல புதுசா விக்கிற பைக்குக்கு ஏபிஎஸ் கட்டாயம், அதனால உங்ககிட்ட இருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டனைத் தள்ளும்போது நிப்பிளைத் திறந்து, ஏபிஎஸ் யூனிட் பக்கம் அழுக்கு ஆயில் ஏறாம ட்யூப் வழியா வெளிய விட்டுடுங்க. யூனிட்டுக்குள்ள ஏர் மாட்டினா சில மாடலுக்கு சர்வீஸ் சென்டர் ஸ்கேனர் இல்லாம எடுக்க முடியாது. பேட் மாத்தின பிறகு ஏபிஎஸ் லைட் வண்டி நகர்ந்தும் அணையலைன்னா, காலிப்பரைத் தொங்க விட்டதுல சென்சார் வயர் இழுபட்டிருக்கா, சென்சார் முனையில அழுக்கான்னு பாருங்க.

சத்தம், பிடிப்பு இல்லாமை, இதுக்கெல்லாம் சட்டுனு சொல்லிடறேன். கீச்சுனு கத்தினா பேட் ஸ்ப்ரிங்கை மாட்ட மறந்திருக்கலாம். கரகரன்னு இரும்பு சத்தம்னா உடனே நிறுத்துங்க. பேடைத் திருப்பிப் போட்டு, தகரம் டிஸ்க்கைப் பார்த்து இருந்த வண்டியை என் கண்ணால பார்த்திருக்கேன். டிஸ்க்ல ஆயில், செயின் ஸ்ப்ரே பட்டு பேட் ஊறிட்டா அதை அடுப்புல சுட்டு சரி பண்ற கதையெல்லாம் நம்பாதீங்க, மாத்துங்க. ஃபோர்க் ஆயில் சீல் ஒழுகி அதே பக்கம் டிஸ்க்ல இறங்குதான்னும் ஒரு பார்வை பாருங்க. லிவர் அதிருதுன்னா டிஸ்க். குறைஞ்சபட்ச தடிமன் டிஸ்க் மேலயே எழுத்து வெட்டியிருக்கும், தடிமன் அளக்குற வெர்னியரை வெச்சுப் பாருங்க.

லிவர் கல்லு, சக்கரம் லூசு, ஆனாலும் பிரேக் வழுக்குற மாதிரி இருக்கா? பழைய டிஸ்க்ல வரி வரியா பள்ளம், புது பேட் தட்டை. மேடு மட்டும்தான் படுது. காலையில ரோடு காலியா இருக்கும்போது 40 வேகத்துக்குப் போய், முன் பிரேக்கால 10 வரைக்கும் குறைங்க, முழுசா நிறுத்த வேண்டாம். கொஞ்சம் ஓட்டி ஆற விட்டு மறுபடியும். இருபது தடவை கிட்ட வரும்போது லேசா ஒரு கருகல் வாசனை அடிக்கலாம், பயப்படாதீங்க. வீடு வரைக்கும் முன் பிரேக்கைத் தொடாம மெதுவா ஓட்டிட்டு வந்து நிறுத்துங்க. டிஸ்க்கை டார்ச் அடிச்சுப் பாருங்க. பேட் ஓடுற அகலம் முழுக்க ஒரே சாம்பல் நிறமா தெரிஞ்சா படிஞ்சிடுச்சு. நடுவுல பழைய கீறல் கோடு கோடா தெரிஞ்சா நாளைக்குக் காலையில இன்னொரு ரவுண்டு.