கொக்கு மூக்குச் செடி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், வசந்த காலத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி பூக்கும். ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஐந்தே இதழ். காட்டு ஜெரேனியம் என்பார்கள். பூ அத்தனை அழகு. ஆனாலும் பெயர் பூவுக்காக வந்ததில்லை, காய்க்காக வந்தது.

கிரேக்க மொழியில் ‘கெரனோஸ்’ என்றால் கொக்கு. நம் வயல்களில் நிற்கும் வெள்ளைக் கொக்கு இல்லை. வடக்கே சாரஸ் என்கிறார்களே, அந்த ஆளுயரப் பறவையின் இனம். இதழ்கள் கொட்டியதும் பூவின் நடுவிலிருந்து நீளமாக, கூராக ஒன்று எழும்பும். அச்சு அசல் கொக்கு மூக்கு!

அந்த மூக்கு சும்மா இல்லை. அதன் அடியில் ஐந்து சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விதை. கிண்ணத்திலிருந்து மூக்கின் நுனிவரை ஒரு பட்டை ஓடும். காய் காயக் காயப் பட்டை விறைத்து இழுக்கும். ஒரு கட்டத்தில் அடி விட்டுப்போக, பட்டை படீரென மேல்நோக்கிச் சுருளும். விதை பல அடி தள்ளிப் போய் விழும். கவண்கல் எறிகிற மாதிரிதான். வெடித்து முடிந்த காயைப் பார்த்தால், ஐந்து சுருள்களும் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பூவையும் ஒருவர் உற்றுப் பார்த்தார். பெர்லினுக்குப் பக்கத்தில் ஸ்பாண்டாவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த ஸ்பிரெங்கல். 1787இல், ஐரோப்பியக் காட்டு ஜெரேனியம் ஒன்றின் இதழடியில் மெல்லிய முடிகளைக் கண்டு, இவை எதற்கு என்று யோசித்தார். தேனில் மழைநீர் கலக்காமல் காக்கத்தான் என்று முடிவுக்கு வந்தார். பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1793இல் அவர் எழுதிய பெரிய நூலுக்கு அந்த முடிதான் பிள்ளையார் சுழி.

சரி, நர்சரியில் தொட்டியோடு ‘ஜெரேனியம்’ என்று விற்கிறார்களே, அது? அது தென்னாப்பிரிக்கப் பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரச் செடி, பெலார்கோனியம். ‘பெலார்கோஸ்’ என்றால் நாரை. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டார். 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே பிரித்தார். பூக்கடைக்காரர்கள் இன்றுவரை காதில் போட்டுக்கொள்ளவில்லை! அடையாளம் காண்பது சுலபம்: ஜெரேனியத்தில் ஐந்து இதழும் ஒரே மாதிரி, பெலார்கோனியத்தில் பெரும்பாலும் மேல் இரண்டும் கீழ் மூன்றும் வேறுபடும். நீலகிரியில் ஜெரேனியம் எண்ணெய் என்று காய்ச்சி எடுப்பதும் இந்த நாரைச் செடியின் இலையிலிருந்துதான்.